ஐஸ் பாக்ஸ் ஆகாது, 5 நாள் தாண்டாது: போடி மலையடிவாரத்துக்கு பிளேட்லெட் எப்படி வந்து சேர வேண்டும்?

மழை பிடித்து ஒரு வாரம் ஆனால் போதும், போடிநாயக்கனூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும்: ‘அவசரம். டெங்கு நோயாளி. ஓ பாசிட்டிவ் பிளேட்லெட் 4 யூனிட் தேவை. உடனே பகிரவும்.’ பத்து நிமிடத்தில் நான்கு பேர் கை தூக்குவார்கள். இன்னொருவர், “மதுரையில ஸ்டாக் இருக்காம், யாராவது ஐஸ் பாக்ஸ் எடுத்துட்டுப் போங்க” என்பார்.

உதவும் மனதில் குறையே இல்லை. ஆனால் அந்த ஐஸ் பாக்ஸ்தான் சிக்கல். பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணு, குளிரில் வைத்தால் கெடும். அசைக்காமல் நாள்கணக்கில் போட்டுவைத்தாலும் கெடும். எல்லாம் சரியாக இருந்தாலும் 5 நாளில் காலாவதி ஆகிவிடும். ரத்த மையத்தில் இருப்பதிலேயே இவ்வளவு செல்லம் கேட்கும் பொருள் இதுதான்.

பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்கு இது மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் விஷயம். மலையடிவாரத்தில் இருக்கும் போடிக்கும், மேலே ஏலத் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் அப்படி இல்லை. பையைக் கொண்டுவருவதா, நோயாளியைக் கொண்டுபோவதா, உண்மையில் பை தேவைதானா என்று குடும்பமே முடிவெடுக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. அந்த முடிவைச் சரியாக எடுக்க, அந்தப் பைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தட்டணு என்றால் என்ன, எப்படிப் பிரிக்கிறார்கள்?

ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் முதலில் ஓடிவந்து அடைப்பது தட்டணுக்கள். எலும்பு மஜ்ஜையில் உருவாகி, உடலுக்குள் 8 முதல் 10 நாள் வரை வாழும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. லேப் ரிப்போர்ட்டில் ‘பிளேட்லெட் கவுன்ட்’ என்று வருவது இந்த எண்ணிக்கைதான்.

தானமாகக் கிடைக்கும் தட்டணுவில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, நாம் வழக்கமாகத் தரும் 350 அல்லது 450 மில்லி ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து எடுப்பது. மருத்துவமனையில் இதை ‘ஆர்.டி.பி.’ என்பார்கள். ஒரு கொடையாளரிடமிருந்து ஒரு சிறிய பை. பெரியவர் ஒருவருக்கு ஒரு பை ஏற்றினால் கவுன்ட் தோராயமாக 5,000 முதல் 10,000 வரை உயரும். அதனால் ஒரே வேளைக்கு 4 முதல் 6 பை வரை கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் ‘4 யூனிட்’ என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது ‘எஸ்.டி.பி.’ ஒரே கொடையாளரை அஃபெரிசிஸ் எந்திரத்துடன் இணைத்து, தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தை அவர் உடலுக்கே திருப்பிவிடுவார்கள். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு எஸ்.டி.பி. பை, ஏறக்குறைய 6 ஆர்.டி.பி. பைகளுக்குச் சமம். எந்திரத்தில் போடும் குழாய்த் தொகுப்பை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதால் செலவு ஆயிரக்கணக்கில் வரும்.

இந்த இரண்டுக்குமே கூறு பிரிக்கும் வசதியோ அஃபெரிசிஸ் எந்திரமோ உள்ள ரத்த மையம் வேண்டும். சிறிய மருத்துவமனைகளில் இருக்கும் ‘ரத்த சேமிப்பு நிலையம்’ வேறு. அங்கே இருப்பது பெரும்பாலும் சிவப்பணுப் பைகளை வைக்கும் குளிர்பெட்டி. அது பிரசவ அவசரத்துக்கும் விபத்துக்கும் உயிர் காக்கும் வசதிதான். ஆனால் தட்டணுவை அந்தப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

ஏன் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது?

ஒரே ரத்தத்திலிருந்து பிரிந்த மூன்று கூறுகளும் மூன்று விதமான இடம் கேட்கும். சிவப்பணு 2 முதல் 6 டிகிரி செல்சியஸில், பையில் இருக்கும் பாதுகாப்புக் கரைசலைப் பொறுத்து, 35 முதல் 42 நாள் தாங்கும். பிளாஸ்மா உறைநிலைக்குக் கீழே ஒரு வருடம் வரை தாங்கும். தட்டணுவுக்கு மட்டும் 20 முதல் 24 டிகிரி. அதாவது, மிதமாக ஏ.சி. ஓடும் அறையின் வெப்பநிலை.

ஒரு காலத்தில் தட்டணுவையும் குளிரில்தான் வைத்தார்கள். 1969-ல் அமெரிக்காவைச் சேர்ந்த மர்ஃபி, கார்ட்னர் இருவரும் வெளியிட்ட ஆய்வு அந்த வழக்கத்தை மாற்றியது. குளிரில் வைத்த தட்டணுக்கள் நோயாளியின் உடலுக்குள் போனதும் மிக வேகமாக மறைந்துவிட்டன. 22 டிகிரியில் வைத்தவை நாள்கணக்கில் சுற்றிவந்தன.

காரணம் பின்னால்தான் தெளிவானது. தட்டணு இயல்பில் தட்டையான வட்டு வடிவம் கொண்டது. குளிர் பட்டால் உருண்டு, முள் முளைத்தது போல ஆகிவிடும். அதன் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள் ஓரிடத்தில் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். கல்லீரலில் காவல் இருக்கும் விழுங்கு செல்கள் அந்தக் கொத்தைப் பார்த்ததும், ‘இது பழுதான சரக்கு’ என்று பிடித்துத் தின்றுவிடும். 2003-ல் ஹாஃப்மைஸ்டர் குழுவினர் இந்த வழிமுறையை விளக்கினார்கள். மறுபடி அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தாலும் இந்தச் சேதம் முழுசாகச் சரியாகாது.

ஐஸ் பாக்ஸில் வரும் பை வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஏற்றவும் செய்யலாம். ஆனால் சில மணி நேரத்தில் கவுன்ட் மறுபடி இறங்கி நிற்கும். “ஆறு பை ஏத்தியும் ஏறலையே” என்று குடும்பம் கலங்கிப்போகும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு, தட்டணு நாள்கணக்கில் சுற்ற வேண்டியதில்லை, அந்த நேரத்தில் ஓட்டையை அடைத்தால் போதும். அதற்குக் குளிர்ந்த தட்டணு நன்றாகவே வேலை செய்கிறது. அதனால் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023-ல், வழக்கமான தட்டணு கிடைக்காதபோது, ரத்தப்போக்கு உள்ளவர்களுக்குக் குளிர்முறையில் 14 நாள் வரை வைத்திருந்த தட்டணுவைப் பயன்படுத்த வழிகாட்டுதல் தந்தது. அதுவும் முறைப்படி தயாரித்துக் கண்காணிக்கப்பட்ட பைகளுக்குத்தான். நம் ஊரில் வழக்கத்தில் இருப்பது 22 டிகிரி முறை. வீட்டு ஃப்ரிட்ஜும் மீன் வாங்கும் ஐஸ் பெட்டியும் அந்த விதிவிலக்கில் வராது.

ஏன் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்?

போடிக்காரர்களுக்குச் சேமிப்பின் அருமை புதிதில்லை. மேலே ‘ஸ்டோர்’களில் உலர்த்திய ஏலக்காயை, பச்சை நிறமும் மணமும் போகாமல் இருக்க, பாலித்தீன் உறை போட்ட சாக்கில் காற்றும் வெளிச்சமும் படாமல் கட்டிவைப்பார்கள். நிறம் வெளுத்தால் ஏலத்தில் விலை இறங்கிவிடும்.

தட்டணுவுக்கு இது தலைகீழ். அது உயிரோடு இருக்கும் செல். அதற்கு மூச்சு வேண்டும். அதனால் தட்டணுப் பையின் பிளாஸ்டிக்கே தனி வகை. ஆக்சிஜனை உள்ளே விடும், கரியமில வாயுவை வெளியே விடும். பையைச் சாக்கில் கட்டுவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீனில் சுற்றி இறுக்கி வைத்தால் அந்த மூச்சு அடைபடும்.

ஆக்சிஜன் குறைந்தால் தட்டணு வேறு வழியில் ஆற்றல் தேடும். குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கும். பைக்குள் அமிலத்தன்மை ஏறும், அதாவது பி.எச். அளவு இறங்கும். அது 6.2-க்குக் கீழே போனால் தட்டணு வீங்கி உருண்டு, உடலுக்குள் போனாலும் பிழைக்காத நிலைக்கு வந்துவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் ‘அஜிடேட்டர்’ என்ற கருவி. வெப்பநிலை மாறாத பெட்டிக்குள், தட்டுகளில் பைகளைப் பரப்பி வைத்து, நிமிடத்துக்கு 60 முதல் 70 முறை மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே இருக்கும். தொட்டில் ஆட்டுவது போன்ற சீரான அசைவு. “மலை ரோட்டுல ஜீப் குலுங்குறதே போதாதா?” என்று கேட்டால், போதாது. அது தூக்கிப்போடும் குலுக்கல், தட்டணுவை வீணாகத் தூண்டிவிடும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பயணத்தின்போது அசைவு நின்றுபோனால் உடனே கெட்டுவிடாது. மொத்தமாக 24 மணி நேரம் வரை அசைவில்லாமல் இருப்பதை சர்வதேச விதிமுறைகளே அனுமதிக்கின்றன. போடிக்கு வர ஆகும் இரண்டு, மூன்று மணி நேரம் தட்டணுவுக்குப் பெரிய விஷயமில்லை. பயணத்தில் கவனிக்க வேண்டியது வெப்பநிலைதான்.

5 நாள் கணக்கு எப்படி வந்தது?

இங்கே பலர் நினைப்பதற்கு மாறான ஒரு காரணம் இருக்கிறது. ஐந்தாவது நாள் முடிந்ததும் தட்டணு செத்துவிடுகிறது என்பதில்லை. பெரிய பயம் பாக்டீரியா.

22 டிகிரி தட்டணுவுக்கு இதமாக இருப்பதுபோல, கிருமிக்கும் இதம்தான். ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒன்றிரண்டு கிருமி பைக்குள் போனால் போதும், நாள் ஆக ஆகப் பெருகும். அமெரிக்காவில் நல்ல பிளாஸ்டிக் பைகள் வந்தபின் 1984-ல் ஆயுளை 7 நாளாக நீட்டினார்கள். கிருமித் தொற்று பிரச்சினையால் 1986-ல் மறுபடி 5 நாளாகக் குறைத்தார்கள். இன்று அங்கே 7 நாள் அனுமதி, கூடுதல் கிருமிப் பரிசோதனை செய்த பைகளுக்கு மட்டும். இந்தியாவில் நடைமுறை 5 நாள்.

அந்த 5 நாளும் முழுசாகக் கைக்கு வராது. உதாரணமாக, ஞாயிறு காலை 10 மணிக்கு ஒருவர் ரத்தம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தட்டணுவைப் பிரித்தாக வேண்டும், அதுவே மாலை ஆகிவிடும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா பரிசோதனைகள் முடிந்து பை வெளியே வர திங்கள், சில நேரம் செவ்வாய். வெள்ளிக்கிழமை அதன் ஆயுள் முடிகிறது. கையில் இருப்பது மூன்று, நான்கு நாள்தான்.

நான்காவது நாள் பை வந்தால் வாங்கலாமா?

வாங்கலாம். சேமிப்பில் இருக்கும் தட்டணு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும் என்பது உண்மை. சில செல்கள் பைக்குள்ளேயே தூண்டப்பட்டுத் தங்கள் சரக்கைக் கொட்டிவிடும். இதை ‘சேமிப்புச் சேதம்’ என்கிறார்கள். புதிய பையோடு ஒப்பிட்டால் பழைய பை ஏற்றியபின் கவுன்ட் சற்றுக் குறைவாக உயரும்.

ஆனால் நோயாளிக்கு ரத்தம் கசிவது நின்றதா என்பதுதான் முக்கியமான கேள்வி. அமெரிக்காவில் புற்றுநோய் நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வின் தரவுகளைப் பார்த்தபோது, 5 நாளுக்குள் இருக்கும் பைகளில் புதுசு, பழசு என்பதால் ரத்தக்கசிவில் வித்தியாசம் தெரியவில்லை. முறையாக வைக்கப்பட்ட நான்காம் நாள் பை, ஐஸில் வைத்த முதல் நாள் பையைவிட எவ்வளவோ மேல். “நேத்து எடுத்ததுதான் வேணும்” என்று அடம்பிடித்தால், நல்ல பைகள் அலமாரியிலேயே காலாவதியாகும்.

பையின் தரத்தை ரத்த மையத்தில் பார்க்கும் ஓர் எளிய வழி உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாக அசைப்பார்கள். வட்டு வடிவத்தில் நலமாக இருக்கும் தட்டணுக்கள் வெளிச்சத்தைச் சிதறடித்து, பட்டுத்துணி மின்னுவதுபோல அலை அலையாகத் தெரியும். உருண்டுபோன தட்டணுவில் அந்த மினுமினுப்பு இருக்காது. கட்டி, நார்போன்ற திரிகள், நிற மாற்றம் இருந்தால் பை வெளியே போகக் கூடாது.

சேமிப்பில் தவறினால் என்ன ஆகும்? பிரயாக்ராஜ் சொன்ன பாடம்

2022 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் பிரயாக்ராஜில், தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்த 32 வயது டெங்கு நோயாளி உயிரிழந்தார். ‘தட்டணுவுக்குப் பதிலாகச் சாத்துக்குடி ஜூஸ் ஏற்றிவிட்டார்கள்’ என்ற வீடியோ நாடு முழுக்கப் பரவியது. நம்ம ஊர் வாட்ஸ்அப் வரைக்கும் வந்தது. மருத்துவமனைக்கு அரசு சீல் வைத்தது.

சில நாளில் பரிசோதனை முடிவு வந்தது. பையில் இருந்தது ஜூஸ் இல்லை, சரியாகப் பாதுகாக்கப்படாத தட்டணு என்று மாவட்ட ஆட்சியர் அறிவித்தார். அதே நாட்களில், பிளாஸ்மாவைப் பையில் மாற்றி, ‘பிளேட்லெட்’ என்று விற்றதாகப் பத்து பேரை அந்த ஊர் போலீஸ் கைது செய்ததும் செய்தியானது.

ஜூஸ் கதை பரவிய வேகத்தில் உண்மை பரவவில்லை. அந்த உண்மைதான் நமக்கு வேண்டியது. பதற்றத்தில் இருக்கும் குடும்பம், யாரோ கொடுத்த நம்பரை நம்பி, எங்கிருந்தோ வரும் பையை வாங்குகிறது. மஞ்சள் நிறத் திரவம் என்ற அளவில் பிளாஸ்மாவும் தட்டணுவும் சாதாரணக் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். லேபிளும் ரசீதும் உரிமம் பெற்ற ரத்த மையமும் மட்டுமே நமக்குப் பாதுகாப்பு.

போடிக்கு மட்டும் என்ன தனிச் சிக்கல்?

ஊர் இருக்கும் இடத்தைப் பார்த்தால் புரியும். போடியிலிருந்து தேனி 15 கிலோமீட்டர். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் கிழக்கே கானாவிலக்கில். மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மேற்கே போடிமெட்டு ஏறினால் இடுக்கி மாவட்டம் தொடங்கிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலத் தோட்டங்கள் விரிந்துகிடக்கின்றன. விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்புகளில் ஏறும் பெண்கள் அங்கே வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள்.

முதல் சிக்கல் வெப்பநிலை. கோடையில் போடியில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். அதே நேரத்தில் மலை மேலே சால்வை தேவைப்படும். தட்டணு கேட்கும் 20-24 டிகிரிக்கு, கீழே இருப்பது அதிகச் சூடு, மேலே ராத்திரியில் இருப்பது அதிகக் குளிர். நிறுத்திவைத்த காரின் டிக்கியில் அரை மணி நேரம் இருந்தாலே பை சூடேறும். வெப்பம் தடுக்கும் பெட்டியும், 22 டிகிரிக்குப் பக்குவப்படுத்திய ஜெல் பைகளும் இதற்குத் தேவை. பனிக்கட்டி வேண்டியதில்லை.

இரண்டாவது, முகாம். மலைப்பக்க ஊர்களில் ரத்ததான முகாம் நடத்தினால், சேகரித்த ரத்தம் ஐஸ் பெட்டியில் இறங்கி வருவது வழக்கம். சிவப்பணுவுக்கு அது சரி. ஆனால் அந்த ரத்தத்திலிருந்து தட்டணு எடுக்க முடியாது. தட்டணு வேண்டுமென்றால் ரத்தத்தை 20-24 டிகிரியிலேயே வைத்து, 6 முதல் 8 மணி நேரத்துக்குள் கூறு பிரிக்கும் மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கூறு பிரிப்பதற்கான மூன்று பை இணைந்த தொகுப்பில் எடுத்திருக்கவும் வேண்டும். ஒற்றைப் பையில் எடுத்தால் அங்கேயே கதை முடிந்தது. முகாம் நடத்தும் இளைஞர் மன்றங்கள் ரத்த மையத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் இவை: “எந்தப் பை? எந்த வெப்பநிலை?”

மூன்றாவது, மெகா முகாம். தலைவர் பிறந்தநாள் அன்று ஒரே நாளில் 200 பேர் ரத்தம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். தட்டணு அடுத்த சில நாளில் தீர்ந்துபோகும், அல்லது வீணாகும். மறுவாரம் ஒருவருக்குத் தேவை வரும்போது அலமாரி காலி. அந்த 200 பேரில் ஆண்கள் மறுபடி முழு ரத்தம் தர 90 நாள், பெண்கள் 120 நாள் காத்திருக்க வேண்டும். அதே 200 பேரை வாரம் 25 பேராகப் பிரித்தால் 8 வாரத்துக்குத் தொடர்ச்சியாகத் தட்டணு இருக்கும். மழைக்காலம் முழுக்கவே சமாளிக்கலாம். ஃபிளெக்ஸ் பேனரில் போட எண்ணிக்கை சின்னதாக இருக்கும், அவ்வளவுதான்.

டெங்கு என்றாலே பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஓடும் பதற்றத்துக்கும் மருத்துவம் சொல்வதற்கும் பெரிய இடைவெளி இருப்பது இங்கேதான்.

டெங்குவில் கவுன்ட் இறங்குவது நோயின் போக்கு. உடல் தேறும்போது தானாகவே ஏறும். வெளியிலிருந்து ஏற்றும் தட்டணுவையும் உடல் அதே வேகத்தில் அழித்துவிடும் என்பதால், ஏற்றியும் எண்ணிக்கை நிற்காது. மத்திய அரசின் டெங்கு சிகிச்சை வழிகாட்டுதல், ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு கவுன்ட் 10,000-க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. ரத்தக்கசிவு இருந்தால் கணக்கு வேறு, அதை மருத்துவர் முடிவு செய்வார்.

சிங்கப்பூர், மலேசியாவில் 20,000 அல்லது அதற்கும் குறைவான கவுன்ட் உள்ள, ரத்தக்கசிவு பெரிதாக இல்லாத டெங்கு நோயாளிகள் 372 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தட்டணு ஏற்றியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், ஏற்றாதவர்களில் 26 சதவீதம் பேருக்கும் ரத்தக்கசிவு ஏற்பட்டது. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. ஆனால் ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள் ஏற்றியவர்களிடம் 13, ஏற்றாதவர்களிடம் 2.

ஏலத் தோட்டத் தொழிலாளர்களுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தினக்கூலி போய்விடுமே என்று காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு ஜீப் ஏறுவார்கள். நான்காவது, ஐந்தாவது நாள் காய்ச்சல் விடும். “விட்டுருச்சு, இனி வேலைக்குப் போலாம்” என்று தோன்றும். டெங்குவில் ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் இறங்கும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த அதிர்ச்சி நிலைதான். அதற்கு முதல் மருந்து, சரியான அளவில் ஏற்றும் குளுக்கோஸ்-உப்பு திரவமும், சில மணிக்கு ஒருமுறை பி.பி.யும் ரத்த அடர்த்தியும் பார்ப்பதும். இதற்கு மதுரை வரை பை தேடிப் போக வேண்டியதில்லை. நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கி, பக்கத்து அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலே பாதி ஆபத்து விலகும்.

கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், அசதியில் கண் சொருகுவது, சிறுநீர் குறைவது - இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கவுன்ட் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம், இவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

அப்போ தட்டணு யாருக்குத்தான் கண்டிப்பாகத் தேவை?

ரத்தப் புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்களுக்கு மஜ்ஜை வேலை செய்யாத வாரங்களில் மறுபடி மறுபடி தேவைப்படும். பிரசவத்தில் அதிகம் ரத்தம் இழந்தவர்கள், பெரிய விபத்தில் சிக்கியவர்கள், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ரத்தம் கசியும் டெங்கு நோயாளிகள் - இவர்களுக்கு அந்தப் பை உயிர். கவுன்ட் 40,000 என்று பயந்து, ரத்தக்கசிவே இல்லாத ஒருவருக்கு 6 பை ஏற்றினால், அதே வாரத்தில் கீமோ எடுக்கும் ஒரு குழந்தைக்கு இருக்க வேண்டிய 6 பை அலமாரியில் இருக்காது. இருப்பு வைத்துப் பெருக்க முடியாத பொருள் என்பதால் ஒருவருக்கு வீணாவது நேராக இன்னொருவருக்குக் குறைவு.

நாம் என்ன செய்யலாம்?

*பை வாங்கப் போகிறவர்களுக்கு:*

- மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ரத்தக்கசிவு இருக்கா, இல்லை கவுன்ட் குறைஞ்சதுக்காக மட்டுமா?” கேட்பதில் தப்பில்லை.
- ஃபார்வர்டு செய்யும் முன் ‘இ-ரக்த்கோஷ்’ தளத்தில் பாருங்கள். மாவட்டம், ரத்த வகை, கூறு வாரியாக எந்த மையத்தில் இருப்பு உள்ளது என்று மத்திய அரசின் இந்தத் தளம் காட்டும். பிறகு போன் செய்து உறுதிப்படுத்துங்கள். தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104.
- உரிமம் பெற்ற ரத்த மையத்தில் மட்டும் வாங்குங்கள். லேபிளில் பை எண், ரத்த வகை, சேகரித்த தேதி, காலாவதி தேதி, மையத்தின் பெயர், உரிம எண் இருக்க வேண்டும். ரசீது கட்டாயம். ரத்தத்துக்கு விலை கிடையாது, பரிசோதனை மற்றும் பதப்படுத்தும் கட்டணம் மட்டும்தான்.
- மையம் தரும் பெட்டியிலேயே கொண்டுவாருங்கள். ஐஸ் வேண்டாம், டிக்கி வேண்டாம், வெயில் படும் டேஷ்போர்டு வேண்டாம். வழியில் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்கு.
- வார்டில் யாராவது ஃப்ரிட்ஜில் வைக்கப் போனால், “சிஸ்டர், இது பிளேட்லெட்” என்று சொல்லுங்கள். வந்ததும் ஏற்றுவதுதான் முறை. வழக்கமாக ஒரு பை அரை மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்துவிடுவார்கள்.

*தர நினைப்பவர்களுக்கு:*

- 18 முதல் 60 வயது, 50 கிலோவுக்கு மேல் எடை, சொந்த கவுன்ட் 1.5 லட்சத்துக்கு மேல் இருந்தால் எஸ்.டி.பி. தரலாம். கை நரம்பு நன்றாக இருக்கிறதா என்று மையத்தில் பார்ப்பார்கள்.
- கடந்த 3 நாளில் ஆஸ்பிரின் எடுத்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை தட்டணுவைச் செயலிழக்கச் செய்யும். அப்படிப்பட்ட பையை எவ்வளவு நன்றாகச் சேமித்தும் பயனில்லை.
- எஸ்.டி.பி. கொடுத்த 48 மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி தர விதி இடம் தருகிறது. வாரத்துக்கு 2 முறை, வருடத்துக்கு 24 முறை என்பது உச்சவரம்பு. வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை தந்தாலே பெரிய உதவி.

*குழு நடத்துபவர்களுக்கு:*

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு குழு, தெருவுக்கு ஒரு குழு என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு சின்ன அட்டவணை போதும்: பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, தேனிக்கோ மதுரைக்கோ எந்த நாளில் போக முடியும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு பேர் என்று ரத்த மையத்தோடு பேசி முறை வைத்துக்கொள்ளலாம். தேவை வந்தபின் ஆள் தேடினால், கொடுத்து, பிரித்து, பரிசோதித்துப் பை கைக்கு வர ஒரு நாள் ஓடிவிடும். நோயாளிக்கு அந்த ஒரு நாள் இருக்குமா என்று சொல்ல முடியாது.

அரசுத் தரப்பிலும் செய்ய வேண்டியது உண்டு. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் கூறு பிரிக்கும் எந்திரம் வைப்பது நடைமுறையில் கடினம். ஆனால் மாவட்டத் தலைமை மையத்திலிருந்து தாலுகா ஊர்களுக்கு, வெப்பநிலை பதிவாகும் பெட்டியில் தட்டணு வந்துபோகும் ஏற்பாடு கடினமானதல்ல. பருவமழை மாதங்களில் மட்டும் இருந்தால்கூட, குடும்பங்கள் பைக்கில் அலைவது குறையும். மலையிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கானோர் இறங்கி ஏறும் போடியில் அதைத் தொடங்கலாம்.